நானூற்று அறுபது கிராம்

ஹோகிடிகாவில் கடை மூட இருபது நிமிடம்.
மூன்று மழைக்கோட்டுகளை மேசைமேல் கிடத்தி
கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொன்றாய்க் காதருகே கசக்குகிறேன்.
முதலாவது மொடமொடக்கிறது, சிப்ஸ் பொட்டலம் மாதிரி.
அடுத்தது சரசரக்கிறது.
மூன்றாவது ஏதோ முனகிவிட்டுச் சும்மா இருக்கிறது.

கடைக்காரப் பையன்
துணி தாங்கும் தண்ணீரை மில்லிமீட்டரில் சொல்கிறான்:
இருபதாயிரம், முப்பதாயிரம்.
இந்தக் கரையில் மழை அப்படிப் பெய்வதில்லை, தம்பி.
பக்கவாட்டில் பெய்யும்.
பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிப் பெய்யும்.
ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது
கோட்டுக்கு உள்ளேயே பெய்யும்.

டூகல் சமையலறைத் தராசோடு வந்திருக்கிறான்.
பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தெறிந்த ஆள்,
தேநீர்ப் பைகளின் நூலைக் கத்தரித்த ஆள்.
முதலாவதை நிறுத்துப் பார்த்து
நூற்றெண்பது என்கிறான், கிட்டத்தட்ட முத்தமிட்டுவிடுவான்.
என்னுடையது நானூற்று அறுபது.
"ரெண்டு ஆப்பிள் அதிகம், நைரி.
ஆறு நாள். ரெண்டு ஆப்பிளைச் சும்மா சுமக்கப்போகிறாய்."

போன மே மாதத்தை நான் எடுக்கவில்லை.
அவனும் எடுக்கவில்லை.

எங்கள் காட்டில் ஒரு முட்கொடிக்கு
வக்கீல் என்று பெயர்.
பிடித்தால் ரத்தம் பார்க்காமல் விடாது.
அது டூகலின் மெல்லிய கோட்டை
தோளிலிருந்து முழங்கைவரை விசாரித்தது.
அப்புறம் நான்கு மணிநேரம், ஆற்றோரமாய், அடைமழை.
குடிலில் அவனால்
தன் பொத்தானையே அவிழ்க்க முடியவில்லை.
என்னை இருமுறை மாவிஸ் என்றான்.
மாவிஸ் அவன் நாய்.
நடுங்கிக்கொண்டிருந்தவரை எனக்குப் பயமில்லை.
நடுக்கம் நின்றது.
அப்போதுதான்.

மூன்றாவதை வாங்கினேன்.
வீட்டுக் குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு
ஷவரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நின்றேன்,
துப்பாக்கி ஏந்துவதுபோல் கைகளை உயர்த்தி.
மணிக்கட்டு வழியே ஒரு குளிர்ந்த கோடு
அக்குள்வரை வந்தது.
துணியின் தப்பில்லை. ஒட்டுப்பட்டையை இறுக்கினேன்.
கதவைத் தட்டி, என்ன சத்தம் என்றார் கணவர்.
மழை என்றேன்.

மூன்றாம் நாள், முகட்டுக்குக் கீழே, அது நின்றது:
இமயத்திலிருந்து கப்பலேறி வந்த
வரையாட்டின் பேரனுக்குப் பேரன்.
பிடரி மயிரெல்லாம் நீர்முத்து.
மழைக்காக எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாத முகம்.
எனக்கோ தொப்பிக்குள் சடசடவென்று மழை,
வேறெதுவும் கேட்கவில்லை.
தொப்பியைத் தள்ளினேன்.
அவ்வளவு யோசித்து, நிறுத்து, கசக்கி வாங்கியும்
என் கையாலேயே கழுத்துக்குள் தண்ணீரை அழைத்தேன்.

காற்று எங்கள் பக்கம்தான்.
முந்நூறு மீட்டர், இருநூறு,
பாறையில் வயிற்றால் ஊர்ந்து நூற்று நாற்பது.
என் கோட்டு வாயைத் திறக்கவில்லை.
எனக்குப் பின்னால் டூகல்
முழங்கையை மாற்றி ஊன்றினான்.
மொட.

அவ்வளவுதான்.
ஆடு தலையை நிமிர்த்தவில்லை, யோசிக்கவில்லை.
அது நின்ற இடத்தில் மூடுபனி நின்றது.

குடிலுக்கு இறங்கும்வரை
நாங்கள் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம்,
பேச நிறைய இருந்தது.

இரண்டு கோட்டுகளும் ஆணியில் தொங்கி
ஒரே தகர வாளிக்குள் சொட்டின.
அவனுடையதில் புதிதாய் ஒரு கிழிசல்,
வெள்ளி டேப்பால் ஒட்டியிருந்தான்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.
என்னுடையதைக் கையில் தூக்கி எடை பார்த்தான்.
"நனைந்தால் அரைக் கிலோ தாண்டும்" என்றான்.
தாண்டட்டும் என்றேன்.

அப்புறம் தன் பையின் அடியில் கைவிட்டு
காலுறைக்குள்ளிருந்து எடுத்து வைத்தான்
இரண்டு ஆப்பிள்.
மிச்சம் பிடித்த எடையையெல்லாம்
மலைமேல் சுமந்து வந்திருக்கிறான் மடையன்.

ஒன்று அடிபட்டிருந்தது.
அதை அவன் எடுத்துக்கொண்டான்.