தட்டிப் பார்த்தல்

முதலில் கண்டுபிடித்தது மரங்கொத்திதான்.
மார்ச் மாதம், சாப்பாட்டறை சன்னலுக்கு மேலே
எலுமிச்சை அளவில் ஒரு துளை.
கீழே புல்லில் வெள்ளை மணிகள்.
பனி என்று நினைத்தேன்.
வில்மிங்டனில் மார்ச்சில் ஏது பனி.

இருபத்தேழு வருடம் வருகிறவர்களையெல்லாம்
இது கல்வீடு என்று நம்பவைத்திருந்தேன்.
நுரைக்கு மேல் நகக்கனம் பூச்சு.
ஏணியைச் சாய்க்காதே, பந்தை எறியாதே,
சைக்கிளை வேறெங்காவது நிறுத்து.

யூசேபியோ வந்தார். எதுவும் கேட்கவில்லை.
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார்:
டொக், டொக், டொக்.
சன்னல் மூலையில் நின்றார்.
பொத்.
கத்தியால் ஒரு சதுரம் வெட்டி உரித்தபோது
உள்ளே பலகை, பாலில் ஊறிய ரொட்டி.
கையோடு வந்தது. எறும்புகள்
முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"தண்ணீர் எந்தச் சுவரிலும் நுழையும்" என்றார்.
"இதற்கு வெளியே விடத் தெரியாது."
என் முன்னாள் கணவரைச் சொல்கிறாரோ என்று
ஒரு கணம் முகத்தைப் பார்த்தேன்.
சுவரைத்தான் சொன்னார்.

நான்கு நாள் உரித்தார்கள்.
மேற்குச் சுவரின் பாதியை
அவர் மைத்துனி நொஹேமி
ஒற்றைக் கையால் தூக்கிப்போய்க் குப்பையில் போட்டாள்.
அவ்வளவுதான் அதன் எடை.

புதுப் பலகை, கறுப்புத் தாள், கம்பிவலை.
பிறகு கனம் வந்தது: மணல், சிமெண்ட், சுண்ணாம்பு.
முதல் பூச்சு இறுகுவதற்குள்
சீப்பால் குறுக்கே கீறினார்கள்.
அடுத்த பூச்சு பிடித்துக்கொள்ளக் காயம் வேண்டுமாம்.
இரண்டாவதும் முடிந்தது. அப்புறம்
ஒரு வாரம் யாரும் வரவில்லை.
காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை.
மழைச் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறவள்
குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சுவர் குடிப்பதைப் பார்த்தபடி.

"விரிசல் விடுமா?"
"விடும். மயிரிழை. உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி விடும்."
அடியில் துளையிட்ட தகரப் பட்டையைக் காட்டினார்:
நுழைந்தது வடிய.

படகை விற்றுக் கூலி கொடுத்தேன்.

இன்று காலை அந்த மரங்கொத்தி வந்தது.
பழைய இடம். ஒரு கொத்து.
தலையைச் சாய்த்தது. இன்னொரு கொத்து.
பிறகு வேலி தாண்டி
ஹாஸ்கெல் வீட்டில் போய் ஒட்டிக்கொண்டது.
போன வாரம்தான் பெயிண்ட் அடித்தார்.
என் வீட்டைவிட அழகாகத்தான் இருக்கிறது.

அவரிடம் சொல்ல வேண்டும்.
காபி ஆறிக்கொண்டிருக்கிறது.
பொத். பொத். பொத்.