சக்கரம் எங்கே

மேரிட்ஸ்பர்க் ஓடுதளத்திலிருந்து மிட்மார் அணைக்குப்
பத்தே நிமிடம்.
சாகரன் அன்று சக்கரங்களை மடக்கவில்லை.
இவ்வளவு கிட்டத்துக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம்.
நினைக்காமலே இருந்திருக்கலாம்.
விசாரணைக்கு வந்தவர் இரண்டுக்கும்
ஒரே கட்டத்தில்தான் குறி போட்டார்.

தாரில் சக்கரமில்லாமல் இறங்கினால்
வயிறு உராயும், பொறி பறக்கும்,
பெயின்ட் அடிப்பவருக்கு ஒரு மாத வேலை.
தண்ணீரில் சக்கரத்தோடு இறங்கினால்
தண்ணீர் காலைப் பிடித்துக்கொள்ளும்.
மூக்கு குத்தி, வால் தலைக்கு மேலே போய்,
வானம் இருந்த இடத்தில் சேறு.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான்.
ஒரு கை கதவு விளிம்பைப் பற்றிய பிறகுதான்
மறு கை பெல்ட்டை அவிழ்க்க வேண்டும்.
அன்று முழுவதிலும் அவன் சரியாகச் செய்தது
அது ஒன்றுதான்.
பாஸ் மீனுக்கு வந்த இரண்டு பேர்
காலரைப் பிடித்துப் படகில் இழுத்துப் போட்டார்கள்.
ஒற்றை ஷூவோடு, அவர்கள் ஃபோனில் கூப்பிட்டான்:
"தேவயானி, ஹாரன் அடித்தது. கேட்டேன்.
எப்பவும் அடிக்கிறதுதானே."

என்னுடையதும் அதே ரகம்.
நானும்தான் சொல்லி வந்தேன்,
வாட்டர் லேண்டிங், வீல்ஸ் அப்,
ஆயிரம் தடவை இருக்கும்.
நாக்கு சொல்லி முடித்துவிடும்.
கண் கரையில் வாத்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் இப்போது தமிழில் சொல்கிறேன்.
ரெய்ஸ்தார்ப் சனிக்கிழமை வகுப்பில்
ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவில்
நான் பாதி விட்டுவிட்டு வந்த தமிழ்.
நொண்டும். சொல்லைத் தேடி நிற்கும்.
அந்த நிற்கிற நேரம் எனக்கு வேண்டும்.

இது... தண்ணீர்.
இடச் சக்கரம் (ஜன்னலில் எட்டிப் பார்த்து) மேலே.
வலச் சக்கரம் (டாக்டர், கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள்) மேலே.
மூக்குச் சக்கரம்,
சிறகு மிதவையில் ஒட்டிய கண்ணாடியில்
வண்டு அப்பிக் கிடக்கிறது,
தெரியவில்லை.
தெரியவில்லை என்றால் மேலே என்று அர்த்தம் இல்லை.
ஒரு வட்டம் சுற்றி வருகிறேன்.
யாரைக் கும்பிடுகிறாய் என்கிறார் டாக்டர்.
சக்கரத்தை.

ஜூலைக் காலை. புல்லில் உறைபனி. காற்றே இல்லை.
அணை முழுக்க வானம் கிடக்கிறது,
மேகத்தின் மேல் மேகம்,
நடுவில் எங்கோ தண்ணீர்.
கண் ஐம்பது அடி என்கிறது. ஐந்தாக இருக்கும்.
நாணல் கரையை ஒட்டி வருகிறேன், அதற்கு மட்டும் உயரம் உண்டு.
மூக்கைத் துளி தூக்கி, எஞ்சினில் கை வைக்காமல்,
நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி,
அதற்கு மேல் நான் எதுவும் செய்யக்கூடாது.
தேடக்கூடாது. குனியக்கூடாது.
இதோ, இதோ என்று நினைக்கும்போதெல்லாம்
இல்லை.

பிறகு
புதுத் துணி கிழிகிற சத்தம், அடிவயிற்றில்.
டாக்டர் மூச்சு விடுகிறார்.
நானும்.

ரேடியோவில் சாகரன். தரையில்தான் இருக்கிறான் இந்த ஆறு மாதமாக.
வழக்கம்போல ஒரே கேள்வி: சக்கரம் எங்கே?
மேலே என்கிறேன்.
பார்த்தாயா, சொல்கிறாயா?

மாலையில் திரும்பும்போது வாக்கியம் தலைகீழ்.
தலைகீழ் என்ற சொல் வாயில் சற்று நிற்கிறது.
இது... தரை.
இடச் சக்கரம்,
பொறு, பார்க்கிறேன்.