சாம்பல் காணப்படவில்லை

"தனிச் சமையல் நடைபெறுவதற்கான
அடையாளம் ஏதும் இல்லை.
அடுப்பில் சாம்பல் காணப்படவில்லை.
எனவே மனு நிராகரிக்கப்படுகிறது."

வட்ட வழங்கல் அலுவலகத்தின் ஊதா முத்திரை
கடைசிச் சொல்லின் மேல் இழுகியிருந்தது.
செக்கானூரணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்
நாலாக மடித்த அந்தத் தாளை
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து
என் மேசைமேல் விரித்தாள். ஈரமாக இருந்தது.

பெயர் ஒச்சம்மாள். வயது முப்பத்தாறு.
புருஷன் சன்னாசி திருப்பூரில், வேறொருத்தியோடு.
குடும்ப அட்டை அவன் சட்டைப் பையில்.
எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பதால்
நாலு பேருக்கான அரிசி
மாதாமாதம் அங்கே இறங்குகிறது.
பசி மட்டும் இங்கே.

"எங்க பேரை நீக்க அவன் கையெழுத்து வேணுமாம்.
கையெழுத்துப் போடுறவனா இருந்தா
எதுக்குக்கா ஓடிப்போறான்?"

அடுப்பில் ஏன் சாம்பல் இல்லை என்று கேட்டேன்,
எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி.
முகூர்த்த நாளில் மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள்.
மிச்சச் சோறு தூக்குவாளியில் வரும்.
பிள்ளைகளுக்கு இரண்டு வேளை பள்ளிக்கூடத்தில்.
ஆடியில் முகூர்த்தம் கிடையாது.
ஆய்வாளர் வந்தது ஆடியில்.

அரிசி இல்லாததால் அடுப்பு எரியவில்லை.
அடுப்பு எரியாததால் அட்டை இல்லை.
அட்டை இல்லாததால்...
இதை ரிட் மனுவில் சொல்ல
எனக்குப் பதினொரு பத்தி தேவைப்பட்டது.
அவள் உள்ளங்கையில் விரலால் ஒரு சுழி போட்டுக் காட்டினாள்.

உலகனேரி. வெளியே யானைமலை
எதையும் விசாரிக்காமல் படுத்திருந்தது.
நாங்கள் அறுபத்துமூன்றாவது வழக்கு.
எங்களுக்கு முன்னால் ஒரு கிரானைட் குவாரி
மூன்று சீனியர்களின் வாயால்
மதியம் வரை பேசியது.
எங்களுக்கு நான்கு நிமிடம்.
"பன்னிரண்டு வாரத்தில் மறுபரிசீலனை செய்க."
நீதிபதியின் கை அடுத்த கட்டுக்குப் போய்விட்டது.
நன்றி சொல்லி உட்கார வேண்டிய இடம்.
உட்காரவில்லை.
"பன்னிரண்டு வாரம் என்றால், மைலார்ட்,
அறுபது கிலோ."
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
மின்விசிறி மட்டும் ஏதோ வாதாடியது.
"நான்கு" என்றார்.

இங்கேயே நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர்.

மறு ஆய்வுக்கு யார், என்றைக்கு வருவார் தெரியாது.
"தினமும் சாயங்காலம் அடுப்பைப் பத்த வை" என்றேன்.
"எதை வச்சுக்கா?"
பிழையாக அச்சான மனு நகல்களைக் கொடுத்தேன்.
கருவேல முள்ளை அவளே வெட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டு நாள் வெறுந்தண்ணீர் கொதித்தது.
சின்னவன் மூடியைத் திறந்து பார்ப்பானாம்.
மூடிவிட்டு வெளியே போய்விடுவானாம்.
அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

பொய்ச்சாட்சி ஆகுமா என்று
ஒரு ராத்திரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
நெருப்பு நிஜம். புகை நிஜம்.
எந்தப் பிரிவும் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். குனிந்தார்.
பேனாவின் பின்பக்கத்தால் கிளறினார்.
"சாம்பல் உள்ளது" என்று எழுதினார்.

அட்டை வந்த அன்று
உறை பிரிக்காமல் கொண்டுவந்து காட்டினாள்.
குடும்பத் தலைவர்: ஒச்சம்மாள்.
படத்தில் கண் பாதி மூடியிருந்தது.
"இனிமே என்னிக்காச்சும் அடுப்பு எரியலைன்னா
கார்டைத் திரும்பப் பிடுங்கிருவாங்களாக்கா?"

இல்லை என்றேன்.
எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று
நல்லவேளை, அவள் கேட்கவில்லை.