குறியீடு ஏழு: எதிர்ப்பு

வேதாளைப் பாசிக் கூடத்துக்கு
மின்னணுத் தராசு வந்து பதினோரு மாதம்.
ஏற்பின் அளவை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடச் சொல்லி
படிவத்தோடு நிற்கிறேன்.
கையெல்லாம் உப்புத்தண்ணி,
தாளில் பேனா வழுக்குகிறது.

நம்புக்கனி வட்டமிடவில்லை.
இடுப்புச் சுருக்கை அவிழ்த்து
ஒரு கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள்.
தபாலாபீஸ் பார்சல் தராசில் நிறுத்துப் பார்த்து வைத்த கல்,
சுத்தமாய் இரண்டு கிலோ.

சிவப்பு எழுத்தில் 1.860.

"கச்சான் அடிக்குதுல்ல" என்றார் கணக்கர் வில்லாயுதம்.
தட்டைத் துடைத்தார், எதையோ அமுக்கினார்.
1.995.
"ம். இப்ப நிறுங்க."

அவளுக்குப் பின்னால் வரிசையில்
ஆளுக்கொரு கல்.

முப்பத்திரண்டு நேர்காணலில்
இந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன்.
குறியீடு ஏழு, எதிர்ப்பு.
துணைக்குறிப்பு: பழைய முறையை விட மனமில்லை.
நெறியாளர் ஓரத்தில் 'அருமை' என்று எழுதிய
ஒரே அத்தியாயம் அது.

கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்:
"ஒங்க தாளு சரியான்னு
எதை வச்சுப் பாப்பீக?"
கருதுகோள் சோதனை, நம்பக அளவை
என்று தொடங்கினேன்.
உச்சிப்புளி பஸ் வந்துவிட்டது.

இரவு, மண்டபம் விடுதியில்
முப்பத்திரண்டு ஏழுகளையும் அடித்தேன்.
அந்த இடத்தில் ஒன்றும் எழுத வரவில்லை.
'ஏற்பு' என்று போட்டால் அவள் சிரிப்பாள்.
'சந்தேகம்' என்று எழுதி
அதையும் அடித்தேன்.

மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
தாள்கள் மேல் வைக்க
கனமாய் ஏதாவது தேடினேன்.
அறையில் இருந்தது
என் கைபேசி மட்டும்.