ஓரத்தில் ஒரு முழங்கை

யோர்க் வீதிக் கண்ணாடிக்குப் பின்னால்
ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து காட்டுவது
என் உத்தியோகம்.
சம்பளம் எண்பத்தைந்து ரூபா.
திறந்தால் உள்ளே விளக்கு எரியும்.
மூடினால் அணைகிறதா என்று
கேட்காத துரை இல்லை.
அணையும் சேர் என்பேன்,
உள்ளே இருந்து பார்த்தவள் போல.

மெழுகு அப்பிள் ஆறு,
அட்டைக் கோழி ஒன்று,
சுண்ணாம்பு கரைத்து ஊற்றிய
பால் போத்தல் நான்கு.
சனிக்கிழமைதோறும் கோழிக்குத் தூசு தட்டுவேன்.
குளிர் மட்டும் நிஜம்.
மிஸ்டர் டி ரோசைரோ சாப்பிடப் போனதும்
மணிக்கட்டு வரை அதற்குள் விட்டு
சும்மா நிற்பேன்.

கப்பலோடு ஒரு புத்தகமும் வந்தது, வழவழவென்று.
பக்கத்துக்கு ஒரு சமையலறை.
குதி உயர்ந்த சப்பாத்தோடு சமைக்கிற பெண்கள்.
புகை இல்லை, கரி இல்லை,
பைப்படியில் வாளி வரிசை இல்லை.
யுத்தம் முடிந்த கையோடு
அமெரிக்காவில் எல்லோருக்கும் கிடைத்ததாம்
வீடு, கார், புல்தரை, இந்தப் பெட்டி.
எல்லோருக்கும் என்பது தடித்த எழுத்தில்.
நாற்பத்தோராம் பக்கத்தில், படத்தின் விளிம்பில்,
தட்டம் ஏந்திய ஒரு முழங்கை.
கறுப்பு முழங்கை, வெள்ளைக் கைமடிப்பு,
அதற்கு மேல் ஆள் இல்லை.
வெட்டியவன் கவனிக்கவில்லை போலும்.
பக்கத்தைத் திருப்பினேன்,
மிச்சப் பெண் அங்கே நிற்கிறாளா என்று.
விலைப்பட்டியல்.

கண்ணாடிக்கு வெளியே
மாடத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்.

றப்பர் விலை ஏறிய வருஷம்
களுத்துறைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து
முழு மான் ஒன்று கொள்ளுமா என்றார்.
காலை மடித்தால் கொள்ளும் என்றேன்.
இரண்டு பெட்டி வாங்கினார்.
இரண்டாவதன் விலாசத்தை
மெதுவாகச் சொன்னார்.

ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபா.
கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில்
காசுக்கு அரிசிதான் பாஷை.
கொத்து இருபத்தைந்து சதம்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் வகுத்துப் பார்த்தேன்:
ஒரு பெட்டி, ஏழாயிரத்து நானூறு கொத்து.
ஐம்பத்து மூன்று ஆடியில்
கொத்து எழுபது சதம் ஆயிற்று.
தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் தந்த பணிஸும் நின்றது.
மறுபடி வகுத்தேன்.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு, சொச்சம்.
அட, பெட்டி மலிந்துவிட்டது!
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
யாரிடம் சொல்ல?

ஹர்த்தால் முடிந்து ஷட்டரை ஏற்றியபோது
கரண்ட் இல்லாமல் கிடந்த பெட்டிக்குள்
அப்பிள்கள் இளகி
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன.
கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள்.
கறுவாத்தோட்டத்திலிருந்து ஒரு சீமாட்டி,
மூன்று சுற்று முத்துமாலை.
கதவு நிற்கவில்லை, தானாக வந்து மூடிக்கொண்டது.
"மிஸ் கொரேரா, நீர் பிடியும்,
படத்தில் விழாமல்."
பிடித்தேன், மூச்சையும் சேர்த்து.

மாதம் ஒன்று போயிருக்கும்.
அம்மா கொச்சிக்கடையில்
ஐந்து சதத்துக்குக் கடலை வாங்கி வந்தாள்.
சுருளைப் பிரித்தவள் விளக்கருகே பிடித்து
"இது உன் கைதானே?" என்றாள்.
சீமாட்டியின் பல்வரிசை,
ஒளியில் ஆறு புது அப்பிள்,
எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில்
என் முழங்கை,
மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த தழும்போடு.

தம்பி கடலையை எண்ணிப் பங்கு வைத்துக்கொண்டிருந்தான்.
வேறு எங்கேயாவது இருக்கிறேனா என்று
அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
அந்தப் பக்கம்
ரங்கூன் அரிசிக் கப்பல்
தாமதம் என்று போட்டிருந்தது.