மூன்று கட்டங்கள்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
ஹாரன் அடிப்பவர்கள், குனிந்து நுழைபவர்கள்,
திட்டுபவர்கள் நடுவே
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஐம்பத்தெட்டு.
எண்ணுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
கதவைத் திறந்ததும் நதியா கேட்கிறாள்:
"இன்னாமா, இன்னிக்காவது மருந்து எய்தித் தருவியா?"
மருந்து என் பேனாவில் இல்லை, நதியா.
நோய்க்குப் பெயர் வைக்கவும் நான் ஆள் இல்லை.
அதை யாரோ வைத்தாயிற்று;
ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில்
ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

என்னிடம் இருப்பது ஓர் அட்டை, ஒரு பென்சில், மூன்று கட்டங்கள்.
முன்னால் என்ன நடந்தது.
என்ன செய்தான்.
பின்னால் என்ன நடந்தது.

கோபம் என்று எழுதக் கூடாது.
கோபத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.
வலது மணிக்கட்டைக் கடித்தான், நான்கு விநாடி
என்று எழுதலாம்.
அடம் என்பது பக்கத்து வீட்டின் சொல்.
அதற்கு என் தாளில் கட்டம் கிடையாது.

மோனிஷ், ஒன்பது வயது.
கட்டிலுக்கடியில் பாட்டில் மூடிகளை
நிறம் பார்த்து வரிசை வைப்பான்.
அதை நான் கலைக்க வந்தவள் இல்லை.
பத்து மாதத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது
ஒரே ஒரு சொல், அதுவும் அட்டையில்:
போதும்.
மிக்ஸி சத்தத்திடம் நீட்டினான்.
கன்னம் கிள்ளும் சித்தியிடம் நீட்டினான்.
ஒருநாள் என்னிடமும்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
அன்றைக்கு அதுதான் பாடம், எனக்கு.

எதிர்வீட்டு எல்சி படியில் மறித்தாள்.
"என் வூட்டுக்காரரு டெய்லி குட்சினு வராரு,
அதையும் எண்ணுவியா?"
சிரித்தோம்.
அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.
ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தேன், என்னுடையது இல்லை.

இந்த வாரம் கோடு ஏறுகிறது.
ஒரு நாளைக்கு ஆறு கடி இருந்தது,
பதினெட்டு, இருபத்தேழு, நாற்பத்தொன்று.
ரயில் வந்தாலும் கடிக்கிறான், வராவிட்டாலும்.
தனியாக இருந்தாலும், மடியில் இருந்தாலும்.
கேட்டதைக் கொடுத்தாலும் நிற்கவில்லை.
எந்தக் கட்டமும் எந்தக் கட்டத்தோடும் பேசவில்லை.

நதியா புருவ மையில் குறித்த இரவுத் தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் திரும்பப் படித்தேன்.
"2 மணி. முழ்ச்சிகினான்."
"3.10. கன்னத்த தலகாணில அழுத்திகினு அழுதான்."
எந்தக் கன்னம்?
"இடது."
சோறு?
"ஒரு பக்கமாத்தான் மெல்றான்.
ஐஸ் போட்ட ஜூஸத் தள்ளிட்டான்மா. உயிரு அவனுக்கு அது."

தாளின் அடியில் எழுதினேன்:
இது என் வேலை இல்லை. பல் டாக்டர், இன்றே.

ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு, நான்கு மணி நேரம்.
வரிசையில் நின்றது அவர்கள்;
நான் பையை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.
விளக்கு வாய்க்கு நேராக வந்தபோது
மோனிஷ் அட்டையை நீட்டினான்.
இளவயது டாக்டர், வாசித்துவிட்டு
விளக்கை அணைத்தார். காத்திருந்தார்.
வெளியே எத்தனை பேர் முணுமுணுத்தார்கள்
என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

அடுத்த புதன், மூன்று கடி.
வரைபடத்தில் செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு போட்டு
மேலே "பல்" என்று எழுதினேன்.
"உன்னாலதாம்மா கொறஞ்சிது" என்றாள் நதியா.
இல்லை, பல்லால் என்றேன்.
"பேசிடுவானா?" என்றாள், எப்போதும் போல.
தெரியாது என்றேன், எப்போதும் போல.
டீ கொடுத்தாள்.

கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தேன்.
சிவப்பு, சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை,
வெள்ளைக்கு அடுத்து
ஓரம் கறுத்த கடைவாய்ப்பல்.
பதினேழு மூடி, ஒரு பல்.