பதினொன்று புள்ளி நான்கு

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஐப்பசிக் காற்று நின்றபோது மணி மூன்று பத்து.
கோபுரத்தின் அடிவயிற்றில்
இரும்புக் கதவைத் திறந்து போட்டு
மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே மூன்று இறக்கைகளும் அசையவில்லை.
வெள்ளாடு ஒன்று
கோபுர நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து படுக்கிறது.
திரையில் மட்டும்
நொடிக்குப் பதினொன்று புள்ளி நான்கு மீட்டர்
அடித்துக்கொண்டே இருக்கிறது.

"மிசினு பொய் சொல்லுது, பாத்துக்கிடுங்க"
என்கிறார் தபசிமுத்து,
இடுப்புவாரைக் கழற்றாமலே.
எண்பது மீட்டர் ஏறிப்போய்
காற்றுமானியைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்.
மானியில் பழுதில்லை.
கம்பியில் பழுதில்லை.
இனி நான்தான்.

இந்த டிரைவரை எழுதியது நான்.
சின்ன வேலை.
அட்டைக்கென்று ஒரு நினைவிடம் உண்டு;
சர்வே எண் மாதிரி நிலையான முகவரி.
நிரலுக்கு அந்த எண் தெரியாது, தெரியவும் கூடாது.
அது கெர்னலிடம் கேட்கும்,
கெர்னல் என்னைக் கூப்பிடும்,
நான் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் கொண்ட
ஒரே ஒரு பக்கத்தை
நிரலின் கதவு எண்ணோடு இணைத்துக் கொடுப்பேன்.
அப்புறம் அது
தன் வீட்டு ஜன்னலைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு
காற்றைப் படிக்கும்.
இடையில் தூதுவர் கிடையாது, நகல் கிடையாது.
அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

நீளம் சரிபார்த்தேன்.
எல்லை, உரிமை, எல்லாம் எழுதியதுதான்;
பக்கம் தாண்டிக் கைநீட்டும் நிரலைக்
கெர்னல் அங்கேயே கொன்றுவிடும்.

நாகர்கோவிலிலிருந்து ஆன்றோ ஜெபின் போன்.
அட்டையை மாற்றிவிடலாமா?
புதுசு வர ஒன்பது நாள் ஆகுமாம்.
இரு, என்றேன்.

டிரைவருக்குள்ளிருந்து படித்தால் சுழியம்.
நிரலின் ஜன்னல் வழியே படித்தால் பதினொன்று புள்ளி நான்கு.
ஒரே இடம்.
இரண்டு வானிலை.

தபசிமுத்து பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தந்த கட்டன்சாயா
ஆறிப்போன பிறகுதான் பிடிபட்டது.
பன்னிரண்டே காலுக்கு நிரல் முதல்முறை எட்டிப் பார்த்திருக்கிறது.
அப்போது உண்மையிலேயே பதினொன்று புள்ளி நான்கு.
அந்த எண்ணைப் புராசஸர் தன் கேஷில் எடுத்து வைத்துக்கொண்டது.
அடுத்த முறை கேட்டபோது
அட்டை வரைக்கும் எதற்குப் போகவேண்டும்,
இதோ கையிலேயே இருக்கிறதே.
வேறு வேலையில்லாத சின்னக் கணினி,
மறக்க அதற்கு அவசியமே வரவில்லை.

சாதாரண நினைவகத்துக்கு இது சரி,
எழுதினால் ஒழிய எதுவும் மாறாத இடம் அது.
இங்கே எழுதுவது காற்று.
யாரிடமும் சொல்லிவிட்டு எழுதாது.

ஒரு வரிதான் விட்டிருந்தேன்:
இந்தப் பக்கத்தைக் கேஷ் செய்யாதே.
அந்த வரி வரவேண்டிய இடத்தில்
போன வருடத்து என் குறிப்பு,
"பிறகு பார்க்கலாம்."

சேர்த்தேன். தொகுத்தேன்.
பழைய மாட்யூலை இறக்கி
புதியதை ஏற்றினேன்.
சுழியம் புள்ளி சுழியம்.

"இப்பம் ஒண்ணுமே இல்லங்குது?"
"ஒண்ணும் இல்லதானே அண்ணே."
வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

பிறகு சுழியம் புள்ளி மூன்று.
ஆடு காதை அசைக்கிறது.
சுழியம் புள்ளி ஒன்பது.

"மத்த டவர்லயும் இதே சாமானா?"
நாற்பத்தொன்றிலும், என்கிறேன், திரையிலிருந்து முகத்தை எடுக்காமல்.
அவர் பேசவில்லை.
இடுப்புவாரை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு
பைக்கின் பெட்டியில்
சாவிக்கொத்தைத் தேடுகிறார்.